'நாட்' இல்லாத ஒரு வாக்கியம்

செய்தி சேவியரின் குறுஞ்செய்தியாக வந்தது. 'மை சிஸ்டர் எக்ஸ்பயர்ட். ஐ ஆம் அனேபிள் டு டாக்.' சேவியர் டிங்கிப் படகில் மீன்பிடிக்கப் போகிறவர், எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எதைப் படித்தாலும் முதலில் பிழை தேடுவது என் வழக்கம். அந்த இரண்டு வாக்கியங்களிலும் பிழை இல்லை. பிடித்து நிற்க ஒன்றும் இல்லாததால் செய்தி நேராக உள்ளே இறங்கியது. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

பிலோமினா டீச்சர் போய்விட்டார். அவரிடம் படித்தவர்களுக்காகவும், அவரோடு வேலை பார்த்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் பல வருடங்கள் பக்கத்துப் பக்கத்து அறைகளில் ஆங்கிலம் நடத்தினோம். நான் திருச்சியில் கான்வென்டில் படித்தவள். துறைமுகப் பொறியாளரைக் கல்யாணம் செய்துகொண்டு அந்தமானுக்கு, ஹேடோ குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தேன். பிலோமினாவின் குடும்பம் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வந்தது. அவர் பிறந்தது தெற்கே இன்னொரு தீவில், ஹட் பேயில். தவறைக் கண்ட இடத்திலேயே திருத்த வேண்டும் என்பது கன்னியாஸ்திரிகள் எனக்குக் கற்றுத் தந்தது. இன்றும் என் கருத்து அதுதான். திருத்திய விடைத்தாள்களை முதல் பீரியடிலேயே கொடுத்துவிடுவேன். பிலோமினா மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கொடுப்பார். ஒருமுறை ஸ்டாஃப் ரூமில் கேட்டேவிட்டேன்.

"காலையில கொடுத்தா நாள் முழுக்க ஜாக்கிரதையா இருப்பாங்க, பிலோமினா."

"நாள் முழுக்க அழுவாங்க அக்கா. பசியில இருக்க பிள்ளைகிட்ட தப்பக் காட்டுனா, அதுக்குப் பசிதான் ஞாபகம் இருக்கும், தப்பு ஞாபகம் இருக்காது."

"சாப்பிட்டா தூங்கிடும்."

"தூங்கட்டுமே. உங்க கிளாஸ்லதான் கண்ணச் சிமிட்டவே பயப்படுது. எங்கிட்டயாவது கொஞ்சம் தூங்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

'ரெடி டு கோ', 'ஹேப்பி டு ஹெல்ப்' என்று, மனநிலையையோ தன்மையையோ சொல்லும் சொல்லை முன்னே வைத்து, 'டு' போட்டு, வினையைப் பின்னே வைக்கும் வாக்கியங்களை ஏழாம் வகுப்பில் அவர்தான் நடத்துவார். வீட்டில் வங்காளமும் தெலுங்கும் மலையாளமும் தமிழும் பேசி, மைதானத்தில் இந்தியில் சண்டை போடும் பிள்ளைகள். அவர்களுக்கு அவர் பாதி இந்தியிலும் பாதி தமிழிலுமாகச் சொன்ன விளக்கம் சுவரைத் தாண்டி எனக்கும் கேட்கும்.

"நம்ம பேச்சுல காரியம் முன்னாடி வரும், மனசு பின்னாடி வரும். 'போகப் பயமா இருக்கு'ம்போம். இங்கிலீஷ்ல மனசு முன்னாடி. 'அஃப்ரெய்ட்'னு முதல்லயே சொல்லிருவான். என்ன செய்யப் பயம்னு 'டு'க்குப் பின்னாலதான் தெரியும். அதுவரைக்கும் பொறுமையா கேக்கணும்."

கடல் ஊருக்குள் வந்துபோன அந்த வருடத்துக்குப் பிறகு ஹட் பேயிலிருந்து ஒரு பெண் அவர் வகுப்பில் சேர்ந்தாள். 'ஐ ஆம் அஃப்ரெய்ட் டு' என்று பலகையில் எழுதி, மீதியைச் சொல்லச் சொன்னார். பல்லி பிடிக்க, இருட்டில் போக என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அந்தப் பெண், 'அஃப்ரெய்ட் டு சீ' என்றாள். ஏதோ கேட்பதற்காக அப்போது வாசலில் நின்றிருந்த நான், "தப்பு. அஃப்ரெய்ட் ஆஃப் தி சீ" என்றேன். பிலோமினா என் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பெண் அருகில் போய்க் கேட்டார்.

"கடலையா சொல்றே? பாக்கவா?"

"பாக்க, மிஸ்."

"அப்ப சரியாத்தான் சொல்லியிருக்கா" என்று பலகையில் எழுதினார். எதைப் பார்க்கப் பயம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வகுப்பு அடுத்த வாக்கியத்துக்குப் போயிற்று.

அவர் அதிகம் பாடுபட்டது 'டூ' வரும் வாக்கியங்களோடுதான். இங்கே எல்லோருக்கும் 'டூ' என்றால் 'ரொம்ப' என்று அர்த்தம். 'ஐ ஆம் டூ ஹேப்பி டு கம்' என்று சொல்லிவிட்டுக் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து நிற்பார்கள். 'டூ டயர்ட் டு வாக்' என்று எழுதிக் காட்டி பிலோமினா சொல்வார்: "ரொம்பக் களைப்பு, அதனால நடக்க முடியல. 'நாட்' எங்கயாவது இருக்கா பாருங்க. இருக்காது. ஆனா முடியாதுன்னு சொல்லியாச்சு. இது சத்தமில்லாம கதவச் சாத்துற வாக்கியம்."

போன மழைக்காலத்தில் அவருக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். இங்கே செய்ய முடியாத அறுவை, சென்னைக்குத்தான் அனுப்ப வேண்டும். கப்பல் பயணத்தை உடம்பு தாங்காது. விமானத்தில் ஏற்றும் அளவுக்கு உடம்பில் தெம்பு இருக்கிறதா என்று டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் அவர்களுடைய ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தது. கூட இருந்த தம்பி சேவியர் டீயிலும் பிஸ்கட்டிலுமே நாளை ஓட்டினார். சோறு இறங்கவில்லை என்றார்.

ஒரு மதியம் கேரியரில் சோறும் ரசமும் எடுத்துக்கொண்டு போனேன். நான் கட்டிலருகே உட்கார்ந்ததும் சேவியர் வராந்தாவிலிருந்து ஓடி வந்தார்.

"டீச்சரம்மா, ஹோ கயா! காரியம் ஆயிருச்சு! டாக்டர் சாப் சென்னைக்கு போன்ல பேசிட்டாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். 'ஷி இஸ் டூ வீக் டு ஃப்ளை'ன்னாரு. ரொம்ப வீக்கா இருக்காங்க, ஃப்ளைட்டுல அனுப்பணும்னு. பக்கா! அக்கா, மெயின்லேண்ட் போறோம்!"

நான் வாயைத் திறந்தேன். பிலோமினா என் கையைத் தொட்டார்.

"அவன் சாப்பிடட்டும் அக்கா" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு குரலை உயர்த்தி, "ஏலே சேவி, டீச்சரம்மா சோறு கொண்டாந்திருக்காங்க. முதல்ல உக்காந்து தின்னு" என்றார்.

சேவியர் உட்கார்ந்தார். நான் பரிமாறினேன். அக்காவுக்கு ஸ்வெட்டர் எடுக்க வேண்டும், வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று பேசிக்கொண்டே சாப்பிட்டார். இரண்டாம் தடவை ரசம் வாங்கிக்கொண்டு, "கோபப்படாதீங்க டீச்சரம்மா, இதுல உப்பே இல்ல" என்றார்.

"பாத்தீங்களா அக்கா, உங்களையே திருத்துறான்" என்று பிலோமினா சிரித்தார். சிரிக்க அவருக்கு வலித்தது. என் சமையலை அதுவரை யாரும் குறை சொன்னதில்லை. உப்பு எடுத்து வைத்தேன். அவ்வளவு நேரம் ஒரு பிழையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் பேசாமல் இருந்தது அன்றுதான். சேவியர் தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்தார்.

கை கழுவிவிட்டு வந்ததும் பிலோமினா கூப்பிட்டார்.

"இங்க வா. டாக்டர் சொன்னத இன்னொரு தரம் சொல்லு."

சொன்னார். ஒரு எழுத்து மாறவில்லை.

"ஃப்ளைட்டுல போக முடியாத அளவுக்கு வீக்குன்னு அர்த்தம்லே அது."

சேவியர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "டீச்சரம்மா, அதுல 'நாட்' எங்க இருக்கு? அவரு 'நாட்'னு சொல்லவே இல்லியே. நான் நல்லா கேட்டேன்."

"இல்ல சேவியர். அதுக்கு 'நாட்' வேண்டியதில்ல" என்றேன்.

ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார். "நான் தப்பா கேட்டிருப்பேன். போய் திரும்பக் கேட்டுட்டு வாரேன்" என்று வெளியே போனார். பொழுது சாயும்வரை வரவில்லை.

நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். பிலோமினா, "போகப் பயமா இருக்குக்கா" என்றார். காரியம் முன்னே, மனசு பின்னே. அவர் பிள்ளைகளுக்குச் சொன்ன வரிசையிலேயே வந்தது. கேரியரை அடுக்கினேன். அடுக்கியதைப் பிரித்து மறுபடி அடுக்கினேன். அந்த வாரம் முடிவதற்குள் சேவியரின் செய்தி வந்துவிட்டது.

நான் திருத்துவதை விட்டுவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கண் தெரியும்வரை விடமாட்டேன். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றுதான். அது என்ன என்று அடக்கம் முடிந்த அன்றே தெரிந்துகொண்டேன்.

கல்லறையிலிருந்து பிலோமினாவின் வீட்டுக்குத் திரும்பியபோது பக்கத்து வீட்டார் சமைத்து வந்து பரிமாறிக்கொண்டிருந்தார்கள். எங்களிடம் படித்து இப்போது ஹேடோ ஜெட்டியில் வேலை பார்க்கும் ஒருவர் சீருடையோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "மேடம், ஐ ஆம் டூ ஸேட் டு கம் ஹியர்" என்றார்.

"சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம். ட்யூட்டியிலேர்ந்து நேரா வரேன்."

"உள்ள போய் சாப்பிடு. சாப்பிட்டுட்டு எங்கிட்ட வா."