வெர்னா வீட்டு வடக்குச் சுவர்

எல்ராய் வென்ட்செல் பிறந்தது ஒரு கடற்கரை ஊரில், பெயின்ட் சுரண்டுகிற குடும்பத்தில். அப்பா ஹார்வி, சித்தப்பா ஓரன், மாமன் மகன் பாசில் என்று எல்லோரும் வசந்தம் வந்தால் மீன்பிடி படகைக் கரையேற்றி, பழைய பெயின்டைச் சுரண்டிப் புதிது அடித்தவர்கள். எல்ராய்க்கு மட்டும் அந்த நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். மீன் ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஓவியன் ஆனான். ஆள் வரைய மாட்டான், படகும் வரைய மாட்டான். உரிந்த பெயின்ட், துருவேறிய தகரம், உப்புக்காற்றில் வெளுத்த மரம் எதையாவது நாள் முழுக்கப் பார்ப்பான். பிறகு பெரிய பலகையில் நிறம் நிறமாகப் பூசி, துடைத்து, கத்தியால் கீறி, மறுபடி பூசுவான். என்ன இது என்று கேட்டால், "உருவத்த தேடாதீங்க, காலத்தப் பாருங்க" என்பான்.

அவன் கண்ணுக்கு மிகவும் பிடித்தது அக்கா வெர்னா தனியாக இருந்த, அப்பா காலத்து மரவீட்டின் வடக்குச் சுவர். பெயின்ட் செதில் செதிலாக எழும்பி நின்றது. மழையும் காற்றும் சேர்ந்தால் அந்தப் பலகைகள் தண்ணீரைக் குடித்து அவள் தலைமாட்டில் கக்கின. ஒவ்வொரு கோடையும் அவள் பெயின்ட் அடிக்கக் கிளம்புவாள். அவன் வந்து குறுக்கே நிற்பான்.

"தொட்டுடாதக்கா. எனக்கு இன்னும் முடியல."

"செவுருதான்டா முடியப்போவுது."

"ஒரே ஒரு குளிர்காலம். பனியில இன்னும் கொஞ்சம் வெடிச்சா அழகாயிடும்."

"நீ வந்து என் கட்டில்ல படு. அழகு சொட்டுச் சொட்டா நெத்தியில விழும்."

சொல்வாளே தவிர, இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. கட்டிலைத்தான் நகர்த்திப் போட்டாள்.

இலையுதிர்காலத்தில் ஹாலிஃபாக்ஸ் நகரத்தில் ஒரு கண்காட்சியில் அவன் படங்களை வைத்தார்கள். வெர்னா சர்ச்சுக்குப் போகும் கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள். நடுவில் அவள் வீட்டுச் சுவர் படமாகத் தொங்கியது. பெயர் 'கடலின் மௌனம்'. பச்சை என்பது கடலின் கோபம், மஞ்சள் இழப்பு, நீலம் பெயர் தெரியாத கைகளின் உழைப்பு என்று எல்ராய் நாலு பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தான்.

அந்தக் கரையில் வீட்டுக்கென்று யாரும் பெயின்ட் வாங்குவதில்லை. படகுக்கு அடித்து மிஞ்சியதுதான் வீட்டுக்கு. பச்சை, பாசிலின் படகுக்கு அடித்தது. மஞ்சள் ஓரன் சித்தப்பா மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிய மட்டச் சரக்கு. நீலம் அப்பா ஹார்வியுடையது. வீட்டுக்கும் எட்டவேண்டுமென்று அதில் மண்ணெண்ணெயை ஊற்றி நீர்க்க வைத்த மகாக் கஞ்சன் அவர்.

"காலமும் இல்ல, கடலும் இல்ல. மண்ணெண்ண," என்றாள் வெர்னா. "அதான் இப்படி உரியுது. பெத்த அப்பன் பேரு தெரியாதா ஒனக்கு?"

"எங்க அக்கா," என்று சிரித்து மழுப்பினான் எல்ராய்.

அந்தச் சுவரை நேரில் பார்க்க முடியுமா என்று ஒரு பெண் கேட்டாள்.

"அடுத்த வருஷம் வாங்க. இன்னும் நல்லா உரிஞ்சிருக்கும்," என்றான், பக்கத்தில் நின்ற அக்காவை ஒரு வார்த்தை கேட்காமல்.

வீட்டுக்கு வந்து வெயில் அடித்த முதல் நாளே வெர்னா சுரண்டியை எடுத்தாள். சேதி கேட்டு எல்ராய் ஓடிவந்தபோது பாதிச் சுவர் வெறும் மரமாக இருந்தது.

"பாவி. என்ன காரியம் பண்ணிட்ட?"

"ஒன் படம் ஹாலிஃபாக்ஸ்ல நனையாம தொங்குதில்ல? நான் நனையுறேன். ஏணி ஏற எனக்கு முட்டி மடங்கல, மேல நீ சுரண்டி அடி."

அவள் நீட்டிய டப்பாவில் இருந்தது அவள் மகன் லெஸ்டர் தன் படகுக்கு அடித்து மிஞ்சிய சிவப்பு. அவள் அதில் எதையும் கலக்கவில்லை. எல்ராய் முணுமுணுத்துக்கொண்டே ஏணியில் ஏறி, அரைமனதாகச் சுரண்டி அடித்துவிட்டு இறங்கினான்.

"கூரைக்குக் கீழ கையகலம் விட்டுட்டியே?"

"ஒரு நெனப்புக்கு."

"தண்ணி அந்த நெனப்பு வழியாத்தான் எறங்கும். ஏறுடா."

ஏறினான்.

அந்தக் குளிர்காலம் வெர்னாவின் தலையணை நனையவில்லை. எல்ராய் தன் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அதே ஊரில் கார்க்கம் என்பவர் வீட்டுப் பெயின்ட் உரிந்த கொட்டகையைப் பார்க்கப் போனான். அங்கே இருந்தவை மாடுகள். ஒழுகுகிறது என்று அவை சண்டைக்கு வரவில்லை.