தலைவர் கொண்டுவந்த சொல்

எங்கள் மீனவர் சங்கத் தலைவர் அருளப்பு, கொழும்புக் கருத்தரங்கிலிருந்து 'அக்கவுண்டபிலிற்றி' என்ற சொல்லோடு பேசாலைக்குத் திரும்பினார். செய்ததற்குப் பதில் சொல்லும் பொறுப்பு என்று அர்த்தமாம். வலையைக் கிழித்தவனிடம் அக்கவுண்டபிலிற்றி எங்கே என்றார், பூசைக்குப் பிந்தி வந்தவளிடமும் எங்கே என்றார். வெற்றிலை மாதிரி அந்தச் சொல்லை நாள் முழுக்க மென்று அடுத்தவர் மேலேயே துப்பினார்.

போன கிழமை இந்தப் பெரிய மனிதர் சங்கத்தின் ஐஸ் அறைக் கதவைச் சாத்தாமல், சாவியை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு கலியாண வீட்டுக்குப் போய்விட்டார். ஐஸ் உருகி, ஊரார் பிடித்த மீனெல்லாம் நாறியது.

"திறப்பு உங்களிட்டத்தானே இருந்தது? இப்ப பதில் சொல்லுங்கோ" என்றாள் மீன் விற்கும் ஜெனிஸ்ரா.

அருளப்பு மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்:

"கருத்தரங்கில கேள்வி கேக்கத்தான் பழக்கினவை, பிள்ளை. பதில் சொல்லப் பழக்கேல்லை."