அக்காவுக்குப் போன பதினைந்து மூச்சு

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். பத்தாவதைத் தாண்டாதவன் எழுதினால் யார் படிக்கப் போகிறார்கள்? இருக்கிற கொஞ்ச மானமும் போகும். சரி, போனால் போகட்டும்.

போன வைகாசியில் நடந்தது. கோவை பீளமேட்டில் ஒரு வைண்டிங் கடையில் நானும் என் நண்பனும் வேலை செய்கிறோம். எரிந்துபோன பம்பு மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றி, ‘காயில்’ என்கிற கம்பிச்சுருள் கட்டும் வேலை. எண்ணிக்கை தப்பினால் முதலிலிருந்து சுற்ற வேண்டும். அதனால் நடுவில் யார் என்ன கேட்டாலும், எத்தனையாவது சுற்றோ அதைத்தான் சத்தமாகச் சொல்வோம். "ஏனுங்க, மோட்டார் ஆச்சுங்களா?" என்று கேட்டால், "நாப்பத்தொண்ணு" என்று பதில் வரும்.

நண்பன் முன்பெல்லாம் பெரிய கோபக்காரன். கடையில் ஸ்பேனர் பறக்கும். ஏதோ தியான வகுப்புக்குப் போய்வந்த பிறகு, மத்தியானம் சாப்பிட்டதும் பத்து நிமிடம் கண்ணை மூடி மூச்சை எண்ண ஆரம்பித்தான். சும்மா விடுவேனா? ஒருநாள் கடை சாமி படத்திலிருந்த மாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டு, எதிரில் ஊதுபத்தியும் கொளுத்தி வைத்தேன். ஆனைமலையிலிருந்து மோட்டாரோடு வந்த ஒரு விவசாயி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டே விட்டார். நண்பன் மெதுவாகக் கண்ணைத் திறந்து, "நாளைக்குக் கெடைச்சுருமுங்க" என்று வாக்குச் சொன்னான்.

அப்போது எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை டிப்ளமோ என்று தரகரிடம் நானே சொல்லி வைத்திருந்தேன். ஒரு மத்தியானம் மாமன் மகன் போன் செய்தான். "உங்கக்கா, பொண்ணூட்டுல போயி, நீ பத்தாவது பெயிலுன்னு சொல்லிப்போட்டா மாப்ள!"

கோபிசெட்டிபாளையத்தில் வாக்கப்பட்டிருக்கும் அக்காதான், அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். எனக்குக் கண் இருட்டிவிட்டது. அக்காவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்ப போனைக் கையில் எடுத்தேன். பொத்தானை அழுத்தியிருக்கும் வரை பதிவாகும், விரலை எடுத்தால் போய்விடும்.

"இன்னியோட அவ எனக்கு அக்காவே இல்லைன்னு சொல்லிப்போடறேன்டா!" என்று நண்பனிடம் கத்தினேன்.

"அம்பத்தாறு" என்றான், கம்பியைச் சுற்றியபடியே.

"உன்ர எண்ணிக்கையில தீய வெக்க!" என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினேன்.

நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். கையிலிருந்த கம்பியை அப்படியே விட்டான். அது சுருள் சுருளாகப் பிரிந்து தரையில் விழுந்தது. எழுந்து வந்து என் கட்டைவிரலை போனோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு, போனுக்குக் கேட்காதபடி என் காதில் கிசுகிசுத்தான்.

"வெரல எடுக்காத. பதினஞ்சு மூச்சு எண்ணு. பொறவு எப்படி வேணாலும் திட்டிக்க. வார்த்த பத்தலைன்னா நானும் ரெண்டு எடுத்துத் தாரேன்."

முதல் மூன்று மூச்சு வெறும் ஆத்திரம். ஐந்தாவதில்தான், பல்லை எப்படிக் கடித்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. நெஞ்சு அடுப்பு மாதிரி சுட்டது. ஒன்பதாவதில், எங்கிருந்தோ ஒரு பழைய சைக்கிள் நினைவுக்கு வந்தது. அக்கா என்னைப் பின்னால் வைத்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போவாள். நான் திருப்பத்தில் சத்தமில்லாமல் இறங்கி ஓடிவிடுவேன். பள்ளிக்கூட வாசல்வரை அவள் தனியாகப் பேசிக்கொண்டே மிதித்துப் போவாள். பன்னிரண்டாவதில் சிரிப்பு வந்துவிட்டது. பதினைந்தில் கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தேன். மெசேஜ் போய்விட்டது.

உடனே அக்காவின் போன். "ஏஞ்சாமி, இப்படி மூச்சு வாங்குது? நெஞ்சு வலிக்குதா கண்ணு? இரு, நா பஸ்ஸேறி வாரேன்."

"ஒண்ணுமில்லக்கா. பொண்ணூட்டுல ஏன் அப்படிச் சொன்னே?"

"பொய் சொல்லிக் கட்டிப்போட்டு, நாளைக்கு அந்தப் புள்ள முன்னால நீ தலகுனிஞ்சு நிக்கோணுமாடா? எந்தம்பி கை வெச்சா எந்த மோட்டாரும் ஓடுமுன்னுஞ் சொன்னேன். அத உங்கிட்ட ஆரும் சொல்லலியாக்கும்?"

அந்த இடம் தட்டிப்போனது. ஆனால் அக்கா வீட்டுச் சோறு தட்டிப்போகவில்லை. மாதம் தவறாமல் போய்ச் சாப்பிட்டு வருகிறேன்.

நண்பன் அந்தக் காயிலை ஒன்றிலிருந்து சுற்றினான். அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்குக் கோபம் இப்போதும் வருகிறது. ஆனால் நெஞ்சு சுடுவது முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. எண்ண ஆரம்பிக்க அந்த இடைவெளி போதும். அன்று ஒருவன் எனக்காகத் தன் எண்ணிக்கையை விட்டதால் கிடைத்த இடைவெளி அது.

நேற்று இதையெல்லாம் அவனுக்குப் படித்துக் காட்டி, "எப்படி இருக்குதுங்க, சாமியாரே?" என்று கேட்டேன்.

கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "முப்பத்தேழு."