நாலு விரல் தாழ்ந்த கூரை

2009 மே மாதம் ஊரில் யுத்தம் முடிந்த பிறகு சில காலம் என்னால் செய்தி வாசிக்க முடியவில்லை. தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் எதிலும் முடியவில்லை. ஆனால் வாசிக்காமல் இருந்தும் பழக்கமில்லை. ஜூன் மாத ஞாயிறு ஒன்றில், பழைய சாமான் சந்தையில் ஒரு பெட்டி நிறைய அமெரிக்கக் கார் சஞ்சிகைகளை வாங்கி, பிரெஞ்சுத் தலைநகரில், ரூ லூயி-பிளாங் என்ற தெருவில் இருந்த என் அறைக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். எல்லாம் ஐம்பதுகளின் முற்பகுதியில் அச்சானவை. எங்கள் ஊரைப் பற்றி அவற்றில் ஒரு வரியும் இருக்க வாய்ப்பில்லை. அதற்காகத்தான் வாங்கினேன்.

கார்களின் மேல் விருப்பம் வந்தது அதற்குப் பிறகு. இரண்டாம் உலக யுத்தத்திலிருந்து திரும்பிய கலிபோர்னியா இளைஞர்கள், எல்லோரும் ஓட்டும் சாதாரணக் காரை வாங்கி, அதைத் தங்கள் கண்ணுக்கு ஏற்றபடி மாற்றியிருந்தார்கள். கூரையைத் தாங்கும் தூண்களில் நாலு விரல் அளவு வெட்டியெடுத்துவிட்டு, கூரையைக் கீழே இறக்கி ஒட்டுவார்கள். கதவுக் கைபிடிகளைக் கழற்றித் துளைகளை ஈயத்தால் அடைத்து, அராவி, வர்ணம் பூசுவார்கள். முன்விளக்குகள் உடலுக்குள் அமிழ்ந்திருக்கும். பின்சக்கரங்களைத் தகட்டால் பாதி மூடிவிடுவார்கள். செய்த கம்பனியின் பெயரெழுத்துகளைக்கூட விட்டுவைப்பதில்லை.

எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஓகஸ்ட் கடைசியில் கோயில் தேர் வரும். தேருக்குச் சீலை, குஞ்சம், மணி, பூ என்று சேர்க்கச் சேர்க்க அழகு வரும். இந்தக் கார்களுக்கு எடுக்க எடுக்க வந்தது. கடைசியில் நெற்றியிலிருந்து வால்வரை ஓடும் ஒரு கோடு மட்டும் மிஞ்சும். நிற்கும்போதே போய்க்கொண்டிருப்பது போலிருக்கும். வெட்டுப்பட்ட இடம் எதுவென்று எவ்வளவு தேடினாலும் தெரியாது. அந்த வருடம் நான் அந்தப் படங்களை மிக நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நேரில் ஒன்றைப் பார்க்க 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நான் புறநகரான ஆர்ஜொந்தெயில் ஒரு சரக்குக் கம்பனியின் கணக்குப் பகுதியில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் மதியம் செய்ன் நதிக்கரையில் நடந்தபோது, கறுப்பென்று நினைக்கவைக்கும் ஆழ்ந்த பச்சை நிறத்தில் அது நின்றது. 1950ஆம் ஆண்டுக் கார். கைபிடி இல்லை, பெயர் இல்லை, ஒடுங்கிய கண்ணாடிகள். அச்சகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு பிரெஞ்சுக்காரருடையது. கலிபோர்னியாவில் வெட்டியதை அவர் கப்பலில் இறக்கியிருந்தார். கதவுக்குக் கீழே ஒளித்திருந்த பொத்தானை எனக்குக் காட்டினார். அதன் பிறகு ஞாயிறுகளில் அவருடைய கராஜுக்குப் போய், காரைத் துடைத்துக் கொடுத்து, கோப்பி குடித்துவிட்டு வருவேன். நான் கல்யாணம் செய்யும் நாளில் தானே ஓட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார். எனக்கு அப்போது நாற்பது வயது. இரண்டு பேரும் அதைப் பகிடியாகத்தான் எடுத்தோம்.

2014 ஜனவரியில் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். பெண் முல்லைத்தீவைச் சேர்ந்தவள். 2011இல் வந்து, வில்லியே லே பெல் என்ற இன்னொரு புறநகரில் தன் சின்னம்மா வீட்டில் இருந்தாள். உடுப்புகளைப் பிரித்துத் திருத்திக் கொடுக்கும் ஒரு ரெதூஷ் கடையில் வேலை. சின்னம்மாவுக்கும் என் அண்ணைக்கும் சம்மதம். அவளுக்கும் சம்மதம் என்றுதான் சொன்னார்கள்.

என் கவலை அதில்தான் இருந்தது. பின்னேரங்களில் தொலைபேசியில் பேசுவோம். வேலை முடிந்ததா என்றால் ஓம் என்பாள். சாப்பிட்டதா என்றாலும் ஓம். ஒருநாள் துணிந்து, இந்தக் கல்யாணத்தில் விருப்பமா என்று கேட்டேன். அதற்கும் ஓம் என்றாள். சாப்பாட்டுக் கேள்விக்குச் சொன்ன அதே ஓம். இன்னொருவர் வீட்டில் ஒரு அறையை மூன்று வருடம் பகிர்ந்து களைத்த ஒருத்தி, எந்தக் கதவு திறந்தாலும் அதனூடாகப் போகலாம் என்று முடிவெடுத்திருக்கலாம். அப்படியானால் அவளில் பிழை சொல்ல ஏதுமில்லை. ஆனால் அப்படியா இல்லையா என்று எனக்குத் தெரியவேண்டும் போலிருந்தது.

மார்ச் மாத ஞாயிறு ஒன்றில் அவளையும் சின்னம்மாவையும் ஆர்ஜொந்தெய்க்குக் கூட்டிக்கொண்டு போனேன். பிரெஞ்சுக்காரரின் பகிடி இப்போது உண்மையாகியிருந்தது; கல்யாணக் காரைக் காட்டத்தான் போனோம். சின்னம்மா கராஜ் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தம்பி, இது எங்கேயோ அடிபட்டு நசிஞ்ச கார் போலை கிடக்கு. கைபிடியும் இல்லை. பொம்பிளையை எப்பிடி ஏத்துறது, யன்னலாலையோ?"

நான் பொத்தானைக் காட்டினேன். கதவு தானாகத் திறந்ததும் சின்னம்மா ஒரு அடி பின்னால் போனார். பிரெஞ்சுக்காரருக்கு அது நல்ல சந்தோசம்.

அவள் காரைச் சுற்றி நடந்தாள். மெதுவாக ஒரு முறை, பிறகு எதிர்ப்பக்கமாக ஒரு முறை. பின்கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தாள்.

"இதிலை வெட்டினது எங்கை?"

அவளாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி. தூணைக் காட்டினேன். பிரெஞ்சுக்காரரிடம் கண்ணால் அனுமதி கேட்டுவிட்டு, விரல் நுனியால் தடவினாள்.

"தெரியேல்லை," என்றாள். பிறகு, "மேலை மட்டும் குறைச்சிருந்தா இழுபட்டு நிண்டிருக்கும். பின்னுக்கும் சாய்ச்சு எடுத்திருக்கினம். இதைச் செய்தவன் நல்லாத் தைப்பான்."

ஐந்து வருடங்களாக அந்தப் படங்களைப் பார்த்தும் எனக்கு வராத வசனம் அது. நான் சந்தோசப்பட்டுக்கொண்டு நின்றபோது, அவள் கூரையைப் பார்த்தாள், பிறகு என் தலையைப் பார்த்தாள்.

"தலைப்பா?" என்றாள்.

சின்னம்மா சிரிக்கத் தொடங்கியவர், ரயில் ஏறும்வரை நிறுத்தவில்லை.

உண்மையில் நான் அதை யோசிக்கவே இல்லை. எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு வீட்டில் வைத்தே தலைப்பாகை வைத்துவிடுவார்கள். அதோடுதான் மண்டபத்துக்குப் போகவேண்டும். அடுத்த ஞாயிறு, லா சப்பலில் வாங்கிய தலைப்பாகையையும் எடுத்துக்கொண்டு அண்ணையோடு கராஜுக்குப் போனேன். மட்டை வைத்துச் சரிகை சுற்றிய, உச்சியில் குஞ்சம் வைத்த வழக்கமான தலைப்பாகைதான். அதை வைத்துக்கொண்டு பின்சீற்றில் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. முழங்கால் முன்சீற்றில் முட்டும்வரை சறுக்கி இறங்கினால்தான் குஞ்சம் மடியாமல் இருந்தது. கழற்றி மடியில் வைத்துக்கொள்ளலாமே என்றார் பிரெஞ்சுக்காரர். அதை அண்ணைக்கு மொழிபெயர்த்தேன்.

"தலைப்பாவை மடியிலை வைச்சுக்கொண்டு போற மாப்பிளையை நான் இன்னும் காணேல்லை," என்றார் அண்ணை. "நீ படுத்துக்கொண்டு போனா, சனம் வேறை மாதிரி நினைக்கும். நீளமான வெள்ளைக் கார் ஒண்டு வாடகைக்கு எடுப்பம். எல்லாரும் அதிலைதானே போகினம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அன்று பின்னேரம் அவளிடம் தொலைபேசியில், காரை விட்டுவிடுகிறோம் என்று சொன்னேன். பெரிய விசயமில்லை என்றும் சொன்னேன். அவள் ஓம் என்று சொல்லுவாள் என்று காத்திருந்தேன்.

"இல்லை," என்றாள்.

அண்ணை சொன்ன நியாயத்தை நான் திரும்பவும் சொல்லத் தொடங்க, அவள் இடையில் மறித்தாள்.

"விடாதேங்கோ. சீற்றிலையிருந்து கூரை மட்டும் எவ்வளவு எண்டு அளந்து சொல்லுங்கோ. உங்களையும் இருந்தபடி அளக்கவேணும். தலைப்பாவைச் சின்னம்மாவிட்டைக் குடுத்துவிடுங்கோ. அண்ணைக்கு இப்ப ஒண்டும் சொல்லவேண்டாம்."

மூன்று கிழமை கழித்து, வேலைக்குப் போகும் வழியில், 'கார் து நோர்' ரயில் நிலையத்தில் தலைப்பாகையைத் திருப்பித் தந்தாள். பலசரக்குக் கடைப் பையொன்றில் சீலைத்துணி சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். சனம் இரண்டு பக்கமும் எங்களை இடித்துக்கொண்டு போக, நான் பிரித்துப் பார்த்தேன். சரிகையை முழுதாக அவிழ்த்து, உள்ளே இருந்த மட்டையை வெட்டித் தாழ்த்தி, முன்நெற்றியிலிருந்து பின்னால் ஒரே சாய்வாக இறக்கி, திரும்பவும் சுற்றியிருந்தாள். குஞ்சம் நிமிர்ந்து நிற்காமல் பக்கமாகப் படுத்திருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கே வெட்டியது என்று தெரியவில்லை. நின்றுகொண்டிருக்கும்போதே போய்க்கொண்டிருக்கும் ஒரு தலைப்பாகை அது.

வேலை முடிந்துதானே இதைச் செய்திருப்பீர்கள், கஷ்டமாக இருந்திருக்கும் என்றேன்.

"மூண்டு தரம் பிரிச்சுத் தைச்சனான்," என்றாள். "முதல் தரம் பொலிஸ்காரன் தொப்பி மாதிரி வந்திட்டுது."

நான் சிரித்தேன். பிறகு, கேட்கக்கூடாது என்று வைத்திருந்ததைத் திரும்பவும் கேட்டேன். உண்மையாகவே விருப்பமா?

அவள் என்னை, உடுப்புக்கு அளவு கொடுக்க வந்த ஆளைப் பார்ப்பதுபோல மேலிருந்து கீழே பார்த்தாள்.

"விருப்பமில்லாத ஆளுக்கு நான் இவ்வளவு பிரிச்சுத் தைப்பனே?"

அவளுடைய ரயில் வந்தது. பையை என் கையில் திணித்துவிட்டு ஏறினாள். அன்று நான் வேலைக்கு அரை மணித்தியாலம் பிந்திப் போனேன்.

கல்யாணம் ஜூன் முதல் வாரம், வைகாசி மாதத்து ஞாயிறு. காலையில் தலைப்பாகையை வைத்துவிட்டபோது அண்ணை நெற்றியைச் சுருக்கினார். இது முந்தி இன்னும் உயரமாக இருந்ததல்லவா என்று அண்ணியிடம் கேட்டார். அவருடைய கண்ணாடியை மாற்றவேண்டிய காலம் வந்துவிட்டது என்றார் அண்ணி. வெள்ளைக் காரை ஒழுங்குசெய்வதை என்னிடம் விட்டிருந்த அண்ணை, தெருவில் அந்தப் பச்சைக் கார் நிற்பதைப் பார்த்தார், நான் நிமிர்ந்தபடியே ஏறி உட்கார்ந்ததையும் பார்த்தார். கடைக்காரர்கள் வெளியே வந்து கைத்தொலைபேசியில் படம் எடுக்கத் தொடங்கியதும், காரில் கைவைத்துக்கொண்டு படத்துக்கு நின்றவர்களில் முதல் ஆள் அவர்தான்.

தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பினோம். அவளுடைய கொண்டை வழக்கமான கல்யாணக் கொண்டைபோல உச்சியில் ஏறியிருக்கவில்லை. பிடரியில் தாழ்வாக, பூச்சரத்தோடு இருந்தது. சோடிக்க வந்த பெண்ணிடம் அளவு சொல்லியே கட்டுவித்தாளாம். "எனக்கும் கூரைதானே," என்றாள்.

பிரெஞ்சுக்காரர் மிக மெதுவாக ஓட்டினார். லா சப்பலுக்குள் நுழைந்தபோது, அந்த ஒடுங்கிய கண்ணாடியூடாக வீடுகளின் மேல்பாதி தெரியவில்லை. மரக்கறிப் பெட்டிகள், சேலைக் கரைகள், சப்பாத்துகள், ஒரு நாய், குழந்தைவண்டியில் இருந்தபடி எங்களை நேருக்கு நேர் பார்த்த ஒரு குழந்தை. தலைக்கு மேலே பாலத்தில் மெத்ரோ போகும் சத்தம் கேட்டது. அவள் அதைப் பார்க்கவென்று என் பக்கமாகச் சாய்ந்து குனிந்தாள். நானும் குனிந்தேன். ரயில் தெரியவில்லை. அவள் நிமிராமல், "எங்கடை வீடு இருக்கிற தெரு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.