ஐஸ்காரன் காரில் வைத்த பிளாஸ்க்

ஜெகதாப்பட்டினத்தில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, கடலுக்குப் போனால் குடலே வெளியே வந்துவிடுகிற ஆள் ஒருவன் உண்டென்றால் அது ஜஸ்டின்தான். பத்தொன்பது வயதில் மூன்று தடவை விசைப்படகில் ஏறிப் பார்த்தான். மூன்று தடவையும் வலை இழுத்ததைவிட வாந்தி எடுத்ததுதான் அதிகம். நான்காவது தடவை அப்பாவே அவனைக் கூட்டிக்கொண்டுபோய் ஐஸ் பிளான்டில் விட்டுவிட்டார். இருபத்தாறு வருஷம் ஆகிறது. இப்போது அங்கே அவன்தான் ஆபரேட்டர். கம்ப்ரசர் சத்தம் கொஞ்சம் மாறினாலும் சாப்பிட்ட கையோடு எழுந்து ஓடுவான். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டான். அந்தக் குணத்தை வீட்டில் யாரும் இதுவரை பாராட்டியதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் அவன் மனைவி ஷர்லிக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துபோயின. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் புதுக்கோட்டைக்குப் போய் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். அதற்காகவே பழைய டீசல் கார் ஒன்றை வாங்கினான் ஜஸ்டின். என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போ வைத்த வண்டி, மிதித்தால் பிய்த்துக்கொண்டு போகும். ஷர்லிக்கும் அது பிடித்திருந்தது, போன ஆனி மாதம் வரைக்கும்.

அந்த மாதம் ஒரு நாள் புதுக்கோட்டைக்குப் போகும்போது, ஆவுடையார்கோயிலைத் தாண்டியதும் கார் தானாகச் சீற ஆரம்பித்தது. ஜஸ்டின் காலை எடுத்தான், வேகம் குறையவில்லை. ஒருவழியாக ஓரங்கட்டிச் சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டான். அப்போதும் என்ஜின் அலறிக்கொண்டே இருந்தது. பின்னால் புகை ரோட்டையே மறைத்தது. டாப் கியரைப் போட்டு, பிரேக்கை ஏறி மிதித்து, கிளட்சைச் சட்டென்று விட்டு அவன் அதை அடக்குவதற்குள் ஷர்லி இறங்கிப் புளியமரத்தடிக்கு ஓடியிருந்தாள். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவள் எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது.

அறந்தாங்கி மெக்கானிக் ரகுநாத் வண்டியைப் பிரித்துப் பார்த்தான்.

"என்ஜின் நல்லாத்தாண்ணே இருக்கு. என்ஜின் விடுற மூச்சுல எண்ணெய் ஆவியா வரும். அதத் திரும்ப டர்போவே குடிக்கிற மாதிரி குழாய் போட்டிருக்கான். பழைய வண்டில்ல, சாஸ்தியா வந்து இன்டர்கூலர்ல, அதான் காத்த ஆறவைக்கிற பொட்டியில, தேங்கிருச்சு. அத ஒரேடியா உறிஞ்சுனா எண்ணெயையே டீசலாட்டம் எரிச்சுக்கிட்டு ஓடும், சாவிக்கெல்லாம் கட்டுப்படாது. கழுவி விட்டிருக்கேன். ஆனா திரும்பத் தேங்கும். பேசாம வித்துருங்க."

ஷர்லி அவ்வளவு நீளமாகப் பேசவில்லை. "அந்தக் காருல இனிமே ஏற மாட்டேன்" என்றாள். ஏறவும் இல்லை.

இரண்டு பஸ் மாறிப் போனார்கள். டயாலிசிஸ் முடிந்து துவண்டு வருகிறவள், அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் ஒரு நாள் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வாரம், "சனிக்கிழமை வேணாங்க. வாரத்துல ரெண்டு நாள் போதும், ஒண்ணும் ஆவாது" என்றாள். திங்கட்கிழமை அவள் கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. மூன்று நாளும் வராவிட்டால் நுரையீரலில் நீர் கோத்துவிடும் என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார். ஷர்லி தலையை ஆட்டினாள். அந்தச் சனிக்கிழமையும் போகவில்லை. ஜஸ்டினுக்குப் பயம் வந்தது. அவள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று பார்க்கிற அளவுக்குப் பயம்.

ஐஸ் பிளான்டில் கம்ப்ரசர் தள்ளுகிற வாயுவோடு கொஞ்சம் எண்ணெயும் சேர்ந்து வரும். அதை வழியிலேயே மறித்துப் பிடிக்க இரும்பில் ஒரு சாடி இருக்கும். ஆயில் பாட் என்பார்கள். அதன் அடிக்குழாயைத் திறந்து எண்ணெயை வடிப்பது ஜஸ்டினின் தினசரி வேலை. அதைத் திறந்துகொண்டிருக்கும்போதுதான் ஒரு நாள் அவனுக்கு உறைத்தது. இதையே காருக்கும் வைத்தால் என்ன?

வீட்டில் ஒரு பெரிய எவர்சில்வர் பிளாஸ்க் இருந்தது. ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் எதுவும் குடிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து ஷர்லி அதைத் தொடவில்லை. ஜஸ்டின் அதற்கு இரும்பில் மூடி செய்து இரண்டு குழாய் வைத்தான். உள்ளே பாத்திரம் தேய்க்கிற கம்பி நார். டர்போவுக்குப் போகிற மூச்சுக்குழாயின் நடுவில், என்ஜின் பக்கத்திலேயே அதை இறுக்கிக் கட்டி, அறந்தாங்கி வரைக்கும் தனியாகப் போய்த் திரும்பினான். வாசலில் நிறுத்தித் திறந்தால் பிளாஸ்க் காய்ந்து கிடந்தது. அதைத் தாண்டிய குழாயில்தான் எண்ணெய் பிசுபிசுத்தது.

வாசற்படியில் நின்ற ஷர்லி கேட்டாள். "அது என்னோட பிளாஸ்க்தானே?"

"ஆமா."

"காலையில ஊத்துன டீ சாயங்காலம் வரைக்கும் ஆறக்கூடாதுன்னுதானே ஒங்க தங்கச்சி மாப்பிள்ள துபாய்லருந்து கொண்டாந்தாரு? அதுக்குள்ள விட்டா ஆவி எப்படிங்க ஆறும்? ஆறாம எப்படி எண்ணெயா எறங்கும்?"

இருபத்தாறு வருஷமாகத் தண்ணீரைக் கட்டியாக்கிக்கொண்டிருக்கிற மனிதன் பிளாஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் ஷர்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்து மாதக்கணக்காகியிருந்தது. மானம் போனது போகட்டும் என்று ஜஸ்டினும் சிரித்தான்.

மறுநாளே பிளான்டில் சும்மா கிடந்த மூன்று இஞ்ச் இரும்புக் குழாயில் ஒரு முழம் கேட்டு வாங்கினான். இரண்டு முனையிலும் தகடு வைத்து அவனே வெல்டிங் அடித்தான். உள்ளே வைத்த கம்பி நாரில் ஒரு இழை பிய்ந்து டர்போவுக்குள் போனாலும் ஆபத்து என்று அதற்கு மேலே சல்லடைத் தகடு பொருத்தினான். அடியில் ஒரு திருகு குழாய். இந்தத் தடவை என்ஜின் சூட்டிலிருந்து தள்ளி, முன் கிரில்லுக்குப் பின்னால், ஓடும்போது காற்று வந்து அறைகிற இடத்தில் வைத்தான். தினம் வேலை முடிந்ததும் தனியாக அறந்தாங்கி போய்வந்தான். வடித்த எண்ணெயை மருந்து பாட்டிலில் பிடித்து ஜன்னல் கட்டையில் வரிசையாக வைத்தான். காப்பித்தண்ணி நிறத்தில் பாட்டிலுக்கு இரண்டு விரற்கடை. இன்டர்கூலர் குழாயைக் கழற்றி உள்ளே வெள்ளைத் துணி விட்டுத் துடைத்து, அந்தத் துணியையும் அங்கேயே தொங்கவிட்டான். அதில் லேசான ஈரம் மட்டும்தான் இருந்தது. காரில் ஏறு என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆறாவது பாட்டில் வந்த மறுநாள் வியாழக்கிழமை. பஸ்ஸுக்குப் போக ஜஸ்டின் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். ஷர்லி பையோடு காரில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்து, கை கதவுப் பிடியை விடாமல் இருந்தது. ஆவுடையார்கோயில் புளியமரம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். ஜஸ்டின் ஐம்பதைத் தாண்டவே இல்லை. மாட்டுவண்டிகூட முந்திவிடும்போல இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து இறங்கியதும் அவள் உள்ளே போகவில்லை. "நாந்தான் தொறப்பேன்" என்று பாட்டிலை வாங்கி, கார் முன்னால் குந்தித் திருகைத் திறந்தாள். எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கி நின்றது. பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னைக்கு எனக்கு ரெண்டே கால் லிட்டர் நீர் எடுத்தாங்க. இதுக்கு இம்புட்டுத்தானா?"

"இதுக்கு இம்புட்டுப் போதும்" என்றான் ஜஸ்டின்.

அவள் திருகை இறுக்க மூடினாள். அவன் தோளைப் பிடித்து மெல்ல எழுந்தாள்.

"சனிக்கிழமை எத்தன மணிக்குக் கெளம்பணும்?" என்று கேட்டாள்.