பல்லால் கேட்ட மோட்டார்

சிவசமுத்திரத்திலிருந்து கரண்ட் வந்த புதிதில், தங்கவயலில் கல் இடிக்கும் மில்லில் மோட்டார் பார்க்கிற வேலை எனக்குக் கிடைத்தது. பாறையை மாவாக்கும் இரும்பு உலக்கைகள் பக்கத்துக் கொட்டகையில் ஓயாமல் இடித்துக்கொண்டே இருக்கும். இரண்டே வருஷத்தில் என் காது போயிற்று. நேரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். முதுகுக்குப் பின்னால் இடியே விழுந்தாலும் தெரியாது.

இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. நிறுத்தச் சொல்லி அடிக்கும் மணி காதில் விழாதவனை மில்லில் வைக்க மாட்டார்கள். எனக்கு முன்னால் இருந்தவரை அப்படித்தான் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் மணியை நம்புவதில்லை. மற்றவர்களின் கைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

மோட்டாரை நான் கேட்டது பல்லால். ஒரு முழக் குச்சியைப் பேரிங் மூடியில் ஊன்றி, மறுமுனையைக் கடித்துக்கொள்வேன். மற்றவர்கள் குச்சியைக் காதில் வைப்பார்கள், என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நல்ல பேரிங் என்றால் பல்லில் சன்னமான, ஒரே சீரான அதிர்வு. எண்ணெய் வற்றினால் சோற்றில் கல் கடித்தது போல் நறநறக்கும். சுவிட்ச் போட்டும் சுழலாமல், வைத்த கையில் வெறும் உறுமல் மட்டும் தெரிந்தால், கரண்ட் வரும் மூன்று கம்பியில் ஒன்றின் பியூஸ் போயிருக்கும். உள்ளே கம்பிச் சுருளின் வார்னிஷ் கருகும் வாடை வந்தால் பேச்சே இல்லை, நிறுத்திவிட வேண்டும்.

ஸ்கெலட்டன் என்கிற கூலி லைனில் எங்களுக்கு மூங்கில் தட்டி வீடு. மனைவியிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் தன்னையறியாமல் உரக்கப் பேச ஆரம்பிப்பாள். சுவருக்கும் காது உண்டு என்பார்கள். எங்கள் தட்டிக்கு வாயும் உண்டு. அதனால் அவள் பின்னாலிருந்து கூப்பிட்டதெல்லாம் வீணாயிற்று. என்னைத் திமிர் பிடித்தவன் என்று நினைத்தாள்.

“செவிடன் காதுல ஊதுன சங்கா போச்சே எம் பேச்சு!” என்று ஒருநாள் முகத்துக்கு நேரே கத்தினாள். கண்டுபிடித்துவிட்டாளோ என்று நினைத்தேன். கோபித்துக்கொண்டவன் போல எழுந்து வெளியே போய்விட்டேன். ஒரே வீட்டில் அவளோடு இருந்துகொண்டே தனியாக இருந்தேன்.

அந்தச் சமயத்தில் ஒரு வாரமாக மோட்டார் சூடேறிக்கொண்டிருந்தது. மில்லின் வெள்ளைக்காரத் துரை பெல்ட் இறுக்கம் என்றார். தளர்த்தியும் சூடு தணியவில்லை. ஒருநாள் காலை குச்சியைக் கடித்தபோது, அதிர்வுக்கு நடுவே விட்டுவிட்டு ஏதோ உரசுவது தெரிந்தது. பேரிங் தேய்ந்து சுழலும் உருளை கீழே இறங்கிவிட்டது, உள்ளே உரசுகிறது என்று மேஸ்திரியிடம் சொன்னேன்.

“இன்னாய்யா, கொட்டாயே அதிருது, உனக்கு மட்டும் எப்டி கேக்குது?” என்றார்.

திறந்தார்கள். உருளையின் மேல் பளபளவென்று புதிய உரசல். இன்னும் ஒரு நாள் ஓடியிருந்தால் சுருள் கருகியிருக்கும். துரை எல்லோர் முன்னிலையிலும் தன் காதைத் தொட்டுக் காட்டி, என் தோளில் தட்டினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

துரையே என் காதைப் புகழ்ந்தாயிற்று. இனி என் மனைவி எவ்வளவு உரக்கப் பேசினாலும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இன்றைக்கே சொல்லிவிடலாம் என்று ஷிப்ட் முடிந்ததும் ஓட்டமும் நடையுமாக வந்தேன்.

வீடு சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்றிருந்தாள். அவள் மேஸ்திரியின் தங்கை.

“அவ அண்ணன் வந்து குடியாத்தத்துக்கு இட்டுனு பூட்டாருப்பா. காலையில நீ வேலைக்குப் போறப்ப உன் பின்னாலயே வந்து மூணு வாட்டி கூப்ட்டா. ஒரு வாட்டி திரும்பிப் பாத்திருந்தா போயிருக்க மாட்டா. இன்னாப்பா, உனக்குக் கேக்கவே இல்லியா?”

“கேட்டுச்சுக்கா,” என்றேன்.