நகத்தில் இரத்தம் திரும்பும் வரை

சின்னவளே, போன மாதம் நீ சைக்கிளிலிருந்து விழுந்தாயே. திருப்பதி ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு சித்தூருக்குப் பஸ்ஸில் திரும்பும்போது, வழி முழுக்க நான் உன் விரல் நகங்களை அழுத்தி அழுத்திப் பார்த்தேன்.

"இன்னா நைனா, காலிங் பெல்லா அது? அமுக்கிக்கினே வர்றே!" என்றாய் நீ.

முன் சீட்டிலிருந்து உன் அக்கா திரும்பி, "உடு, நைனாவுக்கு வேற வேலை இல்ல" என்றாள்.

நானும் சிரித்தேன். ஆனால் காணிப்பாக்கம் கூட்டுரோடு தாண்டியும் என் கை நிற்கவில்லை. அதன் காரணத்தை உங்கள் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. வாயால் சொல்ல வராது என்பதால் உங்கள் இரண்டு பேருக்கும் எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவனில்லை, தப்பிருந்தால் திருத்திப் படியுங்கள்.

பெரியவள் வயிற்றில் இருந்தபோது நான் தார் எஸ் சலாமுக்குப் போனேன். அது ஆப்பிரிக்காவில், கடலோரத்தில் இருக்கிற பெரிய நகரம். சத்தியவேடு பக்கம் இன்று நிற்கிற கம்பெனிகள் எதுவும் அன்று கிடையாது. ஐ.டி.ஐ. முடித்தவனுக்கு இங்கே வேலை இல்லை, வெளியே இருந்தது. பிளாஸ்டிக் பக்கெட் செய்கிற ஒரு பாக்டரியில் ஃபிட்டராகச் சேர்ந்தேன். என் அறையில் கூட இருந்தவர் சத்தியவேட்டுக்காரர், என்னைவிட இரண்டு வயது சின்னவர்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எனக்குப் போக இடமில்லை. சபையார் நடத்திய அநாதைப் பிள்ளைகள் விடுதி ஒன்று பக்கத்தில் இருந்தது. குழாய் ஒழுகுகிறது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார்கள். போனேன். பிறகு வாராவாரம் போனேன். கட்டில் கால் ஆடினால் போல்ட் முடுக்குவேன், ஜன்னலுக்குக் கொக்கி வைப்பேன். பிள்ளைகள் நாற்பது பேர் என்னைச் சுற்றிக்கொள்வார்கள். அப்பா என்பதற்கு அவர்கள் மொழியில் பாபா. எல்லா ஆண்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், தெரிந்தும் எனக்கு அது இனித்தது. நாம் 'சரி' என்பதற்குத் தலையை இரண்டு பக்கமும் ஆட்டுவோம் இல்லையா, அங்கே அப்படி ஆட்டினால் 'மாட்டேன்' என்று அர்த்தம். நான் ஆட்டுவதைப் பார்த்து வரிசையாக நின்று தலையை ஆட்டிக் கேலி செய்வார்கள்.

அவர்களில் ஏழு வயதுப் பெண் ஒருத்தி. அதிகம் பேசமாட்டாள். நான் வேலை செய்தால் ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பாள். எதைச் சொன்னாலும் செய்வாள். நல்ல பிள்ளை என்று நினைத்தேன். வருகிறவர் திரும்ப வராமல் போய்விடுவாரோ என்று பயந்த பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு ஞாயிறு அவள் மாமரத்திலிருந்து விழுந்தாள். முன்கை வளைந்துவிட்டது. விடுதி வண்டி வெளியே போயிருந்தது. பொறுப்பாளர் அம்மா, "நாளைக் காலையில் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகிறேன்" என்றார்.

நான்தான் சொன்னேன், "எதற்கு ஆஸ்பத்திரி? எங்கள் ஊரில் எலும்பு உடைந்தால் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. கட்டுதான் போடுவோம்."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

எனக்கு என்ன தெரியும்? எட்டு வயதில் எனக்குக் கை முறிந்தபோது, என் நைனா பஸ்ஸில் புத்தூருக்குத் தூக்கிப்போய்க் கட்டுப் போட்டு வந்தார். முட்டை வெள்ளைக்கருவின் வாடை, மூங்கில் பத்தை, சுற்றின துணி, "அடுத்த கட்டு வரிக்கும் அவுக்கக் கூடாது" என்ற சொல், இவ்வளவுதான் எனக்கு ஞாபகம். நம் பக்கத்தில் பிறந்த எவனும் செய்கிற தப்பு இது. ஒரு முறை கட்டிக்கொண்டதாலேயே கட்டத் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

சமையலறையிலிருந்து முட்டை வாங்கினேன். வேலி மூங்கிலைச் சீவினேன். அவள் கையை இழுத்து நேராக்கினேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள், கத்தவில்லை. துணியை இறுக்கிச் சுற்றினேன். "ஞாயிறு நான் வரும் வரை யாரையும் தொட விடாதே" என்றேன். தலையசைத்தாள்.

சாயங்காலம் அரிசி களைந்துகொண்டே அறையில் கூட இருந்தவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

"இன்னாண்ணா நீ! புத்தூர் பக்கம் பொறந்தவன் எல்லாம் கட்டு கட்டுவான்னா, திருப்பதி பக்கம் பொறந்தவன் எல்லாம் லட்டு புடிப்பானா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "வெரலு பாத்தியா?" என்றார்.

"எதுக்கு?"

"எங்க பெரியப்பனுக்குக் கட்டினப்போ ஒடனே அனுப்பல. ஒக்கார வச்சி, வெரலை ஆட்டு, வெரலை ஆட்டுன்னாங்க. கருத்துப் போச்சின்னா கட்டு இறுக்கமாம். கையே பூடுமாம்ணா."

அப்போதுதான் எனக்கும் ஞாபகம் வந்தது. புத்தூரில் எனக்குக் கட்டுப் போட்டவரும் என் நகத்தை அழுத்தி அழுத்திப் பார்த்தார். விளையாட்டு காட்டுகிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை முழுக்க மெஷின் முன்னால் நின்று என் விரல்களையே பார்த்தேன். ஆபீசில் போன் இருந்தது. விடுதியிலும் இருந்தது. நான் பேசவில்லை. பேசினால் பொறுப்பாளர் அம்மா போய்க் கட்டைப் பார்ப்பார். பார்த்தால் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது தெரிந்துவிடும். ஒரு பிள்ளையின் கையைவிட என் மானம் அன்று எனக்குப் பெரிதாக இருந்தது. இதை எழுதவே கூசுகிறது.

செவ்வாய் காலை அவர்களே கூப்பிட்டார்கள். விரல்கள் வீங்கிப் போயிருந்தன. ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டோம், நீ உடனே வா என்றார் அந்த அம்மா. எதற்கு நான் என்று கேட்கவில்லை. பஸ்ஸில் நின்றபடி, ஆண்டவரே என் கையை எடுத்துக்கொள்ளும், அவள் கையை விட்டுவிடும் என்று சொல்லிக்கொண்டே போனேன். எனக்குக் கை போனால் உங்கள் அம்மா வயிற்றில் இருக்கிற பெரியவளுக்கு யார் சோறு போடுவார்கள் என்றும் நினைத்தேன். இரண்டையும் நினைத்தேன்.

அவள் பெஞ்சின் மூலையில் கட்டுக் கையை மார்போடு அணைத்து உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் கத்தரிக்கோலோடு நின்றார். கிட்டே போனால் கடிக்க வருகிறாளாம். கட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த விரல்களைப் பார்த்தேன். நாவல் பழ நிறம்.

அவள் என்னைப் பார்த்ததும் கேட்டாள், "இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமையா, பாபா?"

"அவிழ்க்கட்டுமா?" என்று நர்ஸ் என்னைக் கேட்டார். சரி என்று தலையை ஆட்டினேன், நம் ஆட்டல். அவ்வளவுதான், அந்தப் பிள்ளை அலறிக்கொண்டு கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டதாக நினைத்தாள்.

தரையில் உட்கார்ந்தேன். "ஆமாம், இன்றைக்கு ஞாயிறுதான்" என்று பொய் சொன்னேன். "அவிழ்த்துவிடலாம்." அப்புறம்தான் கையை நீட்டினாள்.

துணி முட்டையில் காய்ந்து ஓடு மாதிரி ஆகியிருந்தது. வெட்டியதும் டாக்டர் நகத்தை அழுத்தினார். வெள்ளை. விரலை எடுத்த பிறகும் சிவப்பு திரும்பாமல் வெள்ளையாகவே இருந்தது. என்னைத் திட்டக்கூட அவருக்கு நேரமில்லை. கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மறுபடி அழுத்தினார். மத்தியானம் வரை அப்படியே. கடைசியில் கட்டைவிரலில் இலேசாகச் சிவப்பு வந்தது. பிறகு மற்றவற்றில், ஒவ்வொன்றாக. சுண்டு விரலிலும் இரத்தம் திரும்பியது, ஆனால் அந்த விரல் திரும்ப நேராக நிமிரவில்லை. இன்றும் நிமிர்ந்திருக்காது.

"நேற்றே வந்திருந்தால்" என்றார் டாக்டர். அந்த நேற்று யாருடையது என்று எனக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு விடுதிக்குப் போகப் பயம். அவள் கோபித்துக்கொண்டால் பரவாயில்லை என்று போனேன். அவள் கோபிக்கவில்லை. மாவுக்கட்டோடு வந்து, மற்ற கையால் ஸ்பேனரை எடுத்து நீட்டினாள். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. இன்னொரு முறை கட்டுகிறேன் என்றாலும் கையை நீட்டுவாள்.

அன்றிலிருந்து வாராவாரம் என் கைக்குட்டையை எடுத்துக் காட்டி, "கட்டட்டுமா?" என்று கேட்பேன். முதலில் கையை நீட்டினாள். "இல்லை, வேண்டாம் என்று சொல்" என்பேன். தரையைப் பார்ப்பாள். பல வாரம் ஆயிற்று. ஒரு நாள், நான் கைக்குட்டையை எடுப்பதற்குள், அவர்கள் வழக்கப்படி 'மாட்டேன்' என்று தலையை இரண்டு பக்கமும் ஆட்டிவிட்டு மாமரத்துக்கு ஓடிப்போனாள். பிள்ளைகள் எல்லாரும் கைதட்டினார்கள். நான் குழாயடியில் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

உங்கள் அம்மாவுக்கு எழுதின கடிதத்தில், 'விடுதியில் ஒரு பிள்ளை விழுந்துவிட்டது, ஆண்டவர் கிருபையால் நலம்' என்று மட்டும் எழுதினேன். யார் கட்டினார்கள் என்று எழுதவில்லை. இன்று எழுதிவிட்டேன்.

சின்னவளே, மாவுக்கட்டு பிரிக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது. ராத்திரி வலித்தால் எழுப்பு. நைனா தூங்கட்டும் என்று பொறுத்துக்கொண்டு படுத்திருக்காதே. சாயங்காலம் வந்ததும் நகத்தை அழுத்தத்தான் போகிறேன். காலிங் பெல் என்று சொல்லிச் சிரி. வேண்டாம் போ என்றும் சொல்லு.